மூணு மணி மாத்து

இறங்க மாட்டேன். யார் வந்து கேட்டாலும் சரி, இந்தக் கயிறு என் கையில் இருக்கிற வரைக்கும் இந்தப் பலகையை விட்டு நகர மாட்டேன்.

அந்த இரவு முழுக்க எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது இந்த ஒரு நினைப்புதான். முதலில் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் குரல் நடுங்கியிருக்கும். அதை நானே கேட்க வேண்டியிருந்திருக்கும்.

இது நடந்தது. ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதி, நேரம் போட்டு, கையெழுத்து வைப்பதுதான் என் வேலை. பார்க்காததை ஒரு வரி எழுதினாலும் சீட்டுக் கிழிந்துவிடும். அந்தப் பழக்கத்தில் அன்றிரவும் நேரங்களை மொபைலில் குறித்துக்கொண்டே வந்தேன். அந்தக் குறிப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது. நம்பாதவர்களோடு நான் வாதாடப்போவதில்லை. அவர்கள் யாரும் அந்தத் தெப்பத்தில் உட்கார்ந்திருக்கவில்லை.

போன வருடம் மாசி மாதம். காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவுக்குப் பக்கத்துக் கோயில் குளத்தில் ஏழு வருடம் கழித்துத் தண்ணீர் நிறைந்திருந்தது. அதனால் தெப்பம். மூன்று நாள் திருவிழா. தெப்பம் கட்டுவது எப்போதும் எங்கள் தெருதான். நாற்பத்தெட்டுக் காலி டிரம்களை வரிசைக்கு ஆறாக எட்டு வரிசை கட்டி, மேலே சவுக்குக் கட்டை, அதற்கு மேல் பலகை, நடுவில் துணி மண்டபம். கட்டுவோம். சாமி ஏறும்போது இறங்கிக் கரையில் நிற்போம். சாமி கோயிலுக்குத் திரும்பியதும் தெப்பம் மறுபடி எங்கள் கைக்கு வரும்.

படியோரம் கட்டிவைத்தால் காற்றில் டிரம் கருங்கல்லில் மோதி உடையும். அதனால் இரவில் குளத்தின் நடுவில் நிறுத்தி, ஆட்டுக்கல் அளவுக்கு ஒரு நங்கூரக் கல்லை இறக்கிவைப்போம். கல்லின் கயிறு தெப்பத்து முளையில் கட்டியிருக்கும். மிச்சமிருக்கும் நுனியை வளையமாக முடிந்து, காவலுக்கு இருப்பவர் மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள வேண்டும். கல் நழுவினால் கை இழுபடும். தூங்கினாலும் விழிப்பு வந்துவிடும்.

அதில் ஒரு முறை உண்டு. மாட்டியவர் தானாக அந்த வளையத்தைக் கழற்றக் கூடாது. அடுத்த ஆள் வந்து, தன் கையால் கழற்றி, தன் மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள வேண்டும். அதற்குப் பெயர் மாத்து. மூன்று இரவும் தெப்பம் ஒரு நிமிடம்கூட ஆளில்லாமல் மிதக்கக் கூடாது. மிதந்தால் அடுத்த முறை கட்டும் உரிமை எங்களுக்கு இல்லை என்று இப்போதைய கோயில் கமிட்டி சொல்லியிருக்கிறது.

முதல் இரவு என் அப்பா பரசுராமன் தனியாகவே விடிய விடியக் காவல் இருந்தார். தண்ணீர் இருந்த வருடமெல்லாம் அவர்தான் இருப்பார். மாத்துக்கு யாரையும் கூப்பிட மாட்டார். மறுநாள் மதியம் படியில் வழுக்கி விழுந்தார். கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிவு. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

அன்றும் எங்கள் வீட்டு முறை. வீட்டில் மிச்சம் இருந்தது நான்.

கட்டிலில் படுத்திருந்த அப்பா என் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னார்.

"நீ போவாத."

"ஏன்?"

"சொன்னா கேளு சுகா."

"பொம்பளன்றதாலயா?"

அப்பா போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். எனக்குக் கோபம் வந்தது. ஆறு வருடமாக நைட் ஷிஃப்ட் பார்க்கிறேன். கம்பெனி பஸ்ஸில் அறுபது ஆண்களோடு போய் வருகிறேன். எங்கள் தெருவில் யாருக்கும் இல்லாத விழிப்பு எனக்கு இருக்கிறது. அப்பாவும் கடைசியில் மற்றவர்கள் மாதிரிதானா என்று நினைத்தேன். அந்த நினைப்பு வலித்தது. அந்த வலியே என்னைக் கிளப்பிவிட்டது.

"நான் போறேன்பா."

அப்பா என் கையைப் பிடித்தார்.

"போறதுன்னா... மூணுக்குள்ள எறங்கிடு. கமல மூணுக்கு முன்னாடியே வரச் சொல்லு. மூணு தாண்டக் கூடாது. இன்னா?"

அம்மா மேரி பையிலிருந்து கொசு மருந்து டியூபை எடுத்து நீட்டினாள். "இத்த தடவிக்கோ. கொசுவும் வராது, பேயும் வராது. அப்படி ஒரு நாத்தம்."

சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை.

கமல் என் சித்தப்பா மகன். செவிலிமேட்டிலிருந்து ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். பத்திலிருந்து மூன்று வரை நான், மூன்றிலிருந்து விடியும் வரை அவன் என்று பேசிக்கொண்டோம். குளத்துப் படியில் கோயில் ஆபீஸ் மயில்வாகனம் சார் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏம்மா, உங்க தெருவுல வேற ஆளே இல்லையா?"

"இருக்காங்க சார். இன்னிக்கு முறை எங்க வீடு."

"பொம்பளப் பிள்ள ராத்திரி தெப்பத்துல படுக்கறதா? பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க?"

"படுக்க மாட்டேன் சார். உக்காந்திருப்பேன்."

கமல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அவருக்கு முகம் சிவந்தது. "சிரிங்கப்பா, சிரிங்க. ஒரு நிமிஷம் காலியா விட்டீங்க, அடுத்த தடவ வெளியூர்லேந்து பைபர் தெப்பம்தான். கமிட்டியில பேசி வெச்சிருக்கேன்."

அவர் காத்திருக்கிறார் என்பது புரிந்தது. நான் பயந்து இறங்குவதற்காகக் காத்திருக்கிறார்.

படியிலிருந்து தெப்பத்துக்கு ஒரு கயிறு கட்டியிருக்கும். லாரி டியூபின் மேல் பலகை போட்டு, அதில் உட்கார்ந்து, கயிற்றைப் பிடித்து இழுத்து இழுத்துப் போக வேண்டும். என்னை விட்டுவிட்டு, அதுவரை காவலிருந்த தெருப் பெரியவரை ஏற்றிக்கொண்டு, கமல் டியூபோடு கரைக்குத் திரும்பினான். அதைப் படியில் தூக்கி வைத்தான்.

"அக்கா, மூணுக்கு டாண்ணு வந்துடுவேன்."

இனி அவன் வரும் வரை எனக்குக் கரை இல்லை.

மணி 10:12. நீல நைலான் வளையம் என் வலது மணிக்கட்டில்.

காவலுக்கு இருப்பவருக்கு ஒரே ஒரு வேலைதான். மணிக்கு ஒரு தரம் சவுக்குக் கழியால் டிரம்களைத் தட்டிப் பார்ப்பது. பலகை இடுக்கு வழியாகக் கழியை விட்டு, ஒவ்வொன்றாக. காலி டிரம் 'டொம்' என்னும். தண்ணீர் புகுந்த டிரம் 'தப்' என்னும். சின்ன வயதில் அப்பா தட்டத் தட்டக் கரையில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தை எண்ணியிருக்கிறேன்.

பதினொன்று. நாற்பத்தெட்டும் டொம்.

பன்னிரண்டு. நாற்பத்தெட்டும் டொம்.

பயம் இல்லை. உண்மையைச் சொன்னால் சந்தோஷமாக இருந்தது. சீரியல் லைட் அணைந்துவிட்டது. நிலா இருந்தது. தண்ணீரில் கோபுரம் தலைகீழாக நின்றது. சாமி ஏறும் நேரத்தில் எங்களை இறக்கிவிடும் அதே பலகையில் நான் தனியாகக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தேன். என் வாழ்க்கையில் யாரும் எனக்குச் சொந்தமாக இத்தனை பெரிய இடம் கொடுத்ததில்லை. அதை யாருக்கும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று தோன்றியது. அந்த ஆசை எனக்கே ஆச்சரியமாக இருந்தது. நான் அப்பாவுக்காக வந்தேனா, எனக்காக வந்தேனா?

ஒரு மணி. நாற்பத்தெட்டும் டொம்.

இரண்டு மணி. எட்டாவது வரிசையின் கடைசி டிரம்மைத் தட்டினேன். டொம். கழியை எடுத்துப் பலகையில் வைத்தேன்.

டொம்.

கழி பலகையில்தான் இருந்தது. என் கை மடியில்தான் இருந்தது.

மீன் என்று நினைத்தேன். மழைக்குப் பிறகு விட்ட மீன்கள் வளர்ந்திருந்தன, ஊரே பொரி போடுகிறது. மொபைலில் எழுதினேன்: '2:06. கூடுதலாக ஒரு சத்தம். மீன்?'

அந்தக் கேள்விக்குறி இன்னும் அப்படியே இருக்கிறது.

2:40. மறுபடி. இந்த முறை முதல் வரிசையிலிருந்து.

டொம்... டொம்... டொம்... டொம்... டொம்... டொம்.

ஆறு. ஒரு சின்ன இடைவெளி. இரண்டாவது வரிசை. டொம்... டொம்...

மீன் வரிசை பார்த்துத் தட்டாது. ஆறுக்கு ஒரு தரம் நிறுத்தி மூச்சு வாங்காது. சத்தம் கீழேயிருந்து வந்தது. தண்ணீருக்குள் இருந்து. ஒவ்வொரு தட்டும் என் உள்ளங்காலில் அதிர்ந்தது. யாரோ அடியில் இருந்துகொண்டு, என் வேலையை, என்னைவிடப் பொறுமையாகச் செய்துகொண்டிருந்தார்கள்.

நான் எண்ணினேன். எண்ணாமல் இருக்க முடியவில்லை. நாற்பத்தெட்டு. பிறகு அமைதி.

அழக் கூடாது. கத்தக் கூடாது. கத்தினால் கரையில் தூங்கும் கோயில் வாட்ச்மேன் எழுந்திருப்பான். விடிந்ததும் மயில்வாகனம் சார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, 'நான் சொன்னேனேம்மா' என்பார். அந்தக் குரலை நினைத்தேன். முதுகு நிமிர்ந்தது.

3:00. கமல் வரவில்லை.

3:02. போன் செய்தேன். ஸ்விட்ச் ஆஃப்.

3:05. மறுபடி. ஸ்விட்ச் ஆஃப்.

3:07. படிக்கும் தெப்பத்துக்கும் நடுவே கட்டியிருந்த கயிறு அசைந்தது. தொய்ந்தது. இறுகியது. தொய்ந்தது. இறுகியது. கை மாற்றிக் கை மாற்றி யாரோ இழுத்துக்கொண்டு வருகிற மாதிரி. அப்பாடா என்று எழுந்து நின்றேன்.

"கமலு!"

நிலா வெளிச்சத்தில் படியைப் பார்த்தேன்.

டியூப் படியில் இருந்தது. வைத்த இடத்தில். வைத்தபடி.

கயிறு மட்டும் தொய்ந்து... இறுகி... தொய்ந்து... இறுகி...

3:11. தெப்பத்தின் ஈசானிய மூலை அழுந்தியது.

ஆள் ஏறினால் எப்படி அழுந்துமோ, அப்படி. தண்ணீர் பலகை மேல் வழிந்து திரும்பியது.

ஒரு மூலையில் ஆள் ஏறினால், ஏற்கனவே இருப்பவர் எதிர் மூலைக்கு நகர வேண்டும். தெப்பம் கட்டுகிற வீட்டுப் பிள்ளைகளுக்கு இது நடை பழகும்போதே வந்துவிடும். யோசிக்காமல் நகர்ந்தேன். நான்கு எட்டு. கயிறு எட்டும் தூரம்தான்.

தெப்பம் நேரானது.

அப்போதுதான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. நான் ஐம்பத்தெட்டுக் கிலோ. அந்தப் பக்கமும் ஏறக்குறைய அதே எடை. எடை இருந்தது.

ஆள் இல்லை.

நடுவில் மண்டபத் துணி. துணிக்கு அந்தப் பக்கம் இருட்டு.

ஒரு வாசனை வந்தது. ஊறி அழுகிய தேங்காய் நார். எங்களிடம் நார்க் கயிறே கிடையாது. எல்லாம் நைலான்.

"மணி என்னமா?"

ஆண் குரல். களைத்த குரல். பக்கத்து வீட்டுக்காரர் கேட்பதுபோல.

கேட்டால் நேரம் சொல்லிப் பழகிய வாய்.

"மூணு பதினாலு."

"மூணு ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு."

சொட்டு... சொட்டு... பலகையில் தண்ணீர் சொட்டும் சத்தம்.

"அவன் வரலியா?"

"யாரு?"

"பரசு."

அப்பாவை யாரும் பரசு என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. தெருவில் அவர் மேஸ்திரி. அம்மாவுக்கு 'இந்தாங்க'. பரசு என்று ஒருவர் இருந்ததே எனக்குத் தெரியாது.

துணி ஓரத்தில் ஒரு கை வெளியே வந்தது. நிலா அதன் மேல் விழுந்தது. கை மட்டும். ஊதியிருந்தது. மணிக்கட்டில் கயிறு. நார்க் கயிறு. சதைக்குள் பாதி புதைந்திருந்தது.

"இத்தக் கயட்டும்மா. கை கடுக்குது."

மிரட்டல் இல்லை அந்தக் குரலில். அதுதான் பயங்கரம். ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கிறவர்களின் குரல் அது. எனக்குத் தெரிந்த குரல். காலை ஆறு மணிக்கு என்னுடைய குரலும் அப்படித்தான் இருக்கும். பாவமாக இருந்தது. என் இடது கை தானாக எழுந்தது. நான் எழுப்பவில்லை.

ஒரு எட்டு வைத்தேன்.

இன்னொரு எட்டு.

இடது கை நீண்டது. வலது கைக் கயிறு பின்னால் சவுக்குக் கட்டையில் சிக்கி நின்றது.

நைலான் இறுகியது. வலித்தது.

அந்த வலியில் எனக்கு நினைவு வந்தது. கழற்றுகிறவர் மாட்டிக்கொள்ள வேண்டும்.

"என் கையில ஒண்ணு இருக்குது," என்றேன். "ரெண்டு மாட்ட மாட்டேன்."

"உன்னுது நான் வாங்கிக்கிறேன். நீ எறங்கிக்கோ."

"எனக்கு மாத்து வருவான்."

"வர மாட்டான்மா."

"வருவான்."

"எனக்கும் அப்படித்தான் சொன்னாங்க..."

கண்ணை மூடவில்லை. மூடினால் பக்கத்தில் வந்துவிடும் என்று நினைத்தேன். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். என் கால்கள் ஆடின. ஆடட்டும் என்று விட்டேன். கால் ஆடுவது இறங்குவது ஆகாது.

"இறங்க மாட்டேன்."

இந்த முறை வாய்விட்டுச் சொன்னேன். குரல் நடுங்கியது. பரவாயில்லை.

சொட்டு...

சொட்டு...

"மணி என்னமா?"

"மூணு அம்பத்தொண்ணு."

"பரசு வரலியா?"

நான் பேசவில்லை.

"சரி. நாளிக்கு கேக்கிறேன்."

கை உள்ளே போனது. ஆனால் மூலை எழும்பவில்லை. எடை அங்கேயே இருந்தது. அதுவும் நானும் எதிரெதிர் மூலையில்.

4:00.

4:10.

4:20.

4:26. "அக்கா! அக்கா, மன்னிச்சுக்கோக்கா!"

கமல். டியூபில். கரையிலிருந்தே கத்திக்கொண்டு கிளம்பியிருந்தான். அவன் குரல் கேட்ட நொடியில் ஈசானிய மூலை மெல்ல எழும்பியது. தெப்பம் என் பக்கம் சாய்ந்தது. தடுமாறி நடுவுக்கு ஓடினேன்.

"சார்ஜ் பூட்ச்சிக்கா. கொஞ்சம் கண் அசந்தேன், சத்தியமா கொஞ்சம்தான்... இன்னாக்கா மூஞ்சி இப்படி இருக்குது? யார்னா வந்தாங்களா?"

"கையைக் குடு."

அவன் வளையத்தைக் கழற்றி மாட்டிக்கொண்டான். என் மணிக்கட்டில் சிவப்பாக ஒரு தடம். நான் இறங்கவில்லை. அவனைத் தனியாக விட மனமில்லை. விடியும் வரை அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

வெளிச்சம் வந்ததும் அந்த மூலைக்குப் போனேன். பலகை ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு ஈரம். சுற்றிலும் காய்ந்திருந்தது. ஈரத்தின் நடுவில் சில இழைகள். குனிந்து எடுத்தேன். விரலில் தேய்த்துப் பார்த்தேன். தேங்காய் நார். கறுத்து, மக்கி, தொட்டதும் பொடியானது.

குறித்துக்கொண்டேன். '6:02. நார்.'

அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரி. அம்மா டீ வாங்கப் போயிருந்தாள். அப்பா விழித்திருந்தார். இரவு முழுக்கத் தூங்கவில்லை என்று கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

"கமல் எத்தினி மணிக்கு வந்தான்?"

"நாலு இருபத்தாறு."

படுக்கையில் கையூன்றி நிமிரப் பார்த்தார்.

"அப்ப... வந்தானா?"

யார் என்று நான் கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"சொல்லுப்பா."

துலுக்காணம் என்று ஒருவர். எங்கள் தெரு. அப்பாவைவிட வயதில் மூத்தவர், டிரம் கட்டக் கற்றுக்கொடுத்தவர். எண்பத்தேழாம் வருடம் மாசித் தெப்பம். இரண்டாவது இரவு. பத்திலிருந்து மூன்று வரை அவர், மூன்றிலிருந்து அப்பா. அப்பாவுக்கு அப்போது இருபத்தொரு வயது. இரண்டாவது ஆட்டம் சினிமா பார்த்துவிட்டு வந்து, கொஞ்சம் கண் அசந்தார்.

"அஞ்சு மணிக்கு எழுந்து ஓடினேன். தெப்பம் காலியா மெதக்குது. முளை பிடுங்கிக்கினு போயிருந்துச்சு. கல்லு உள்ள... கூட அவனும். அவன் கயட்டியிருக்கலாம் சுகா. ஒரு உருவுல கயண்டிருக்கும், அப்ப காஞ்ச கயிறுதான். ஆனா மாத்து வராம கயட்டக் கூடாதுன்னு... மூணு மணிலேந்து எனக்காக காத்துக்கினு குந்தியிருந்திருக்கான். தூக்கும்போது நார் ஊறி கைக்குள்ள பூந்திருந்துச்சு. வெட்டித்தான் எடுத்தோம். அதுக்கப்புறம் நார்க் கயிறே வாங்கறதில்ல."

ஜன்னலுக்கு வெளியே ஆம்புலன்ஸ் ஒன்று பின்னால் எடுக்கும் சத்தம்.

"ஒவ்வொரு தெப்பத்துக்கும் வராரா?"

"ரெண்டாவது ராத்திரியும் மூணாவது ராத்திரியும். மொத நாள் வர மாட்டான்."

"நீ உக்காந்திருக்கும்போதா?"

தலையை ஆட்டினார்.

"உங்கிட்ட என்னா கேப்பாரு?"

அப்பா சுவர்ப் பக்கம் திரும்பினார். கால் கட்டு அசைந்து வலித்திருக்க வேண்டும். முகம் சுருங்கியது. ஆனாலும் திரும்பினார்.

"மணி கேப்பான். அப்புறம்... பரசு வரலியான்னு கேப்பான்."

எனக்கு ஒரு நொடி புரியவில்லை.

"உன்னையே பாத்தா?"

"அவனுக்கு என்னிய அடையாளம் தெரில சுகா. நரச்சிப் போயிட்டேன். அவன் இருபத்தொரு வயசுப் பையன தேடிக்கினு இருக்கான்."

"நீ என்னா சொல்லுவ?"

சுவரைப் பார்த்தே சொன்னார்.

"இன்னும் வரலன்னு சொல்லுவேன்."

முப்பத்தேழு வருடம். தண்ணீர் இருந்த வருடமெல்லாம். எதிர் மூலையில் உட்கார்ந்து, அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு, இவர்தான் பரசு, இவரே சொல்லியிருக்கிறார். இன்னும் வரல.

"தண்ணி இல்லாத வருஷம், காஞ்ச கொளத்துல அவன் எங்க நிப்பான்னு நெனச்சிக்கினே படுத்திருப்பேன்," என்றார். "வந்துட்டேன்னு ஒரு தடவ சொல்லிட்டா போதும். ஆனா சொன்னா கையை நீட்டுவான். அந்தக் கயித்த நான் மாட்டிக்கணும்."

அப்பா என்னைத் தடுத்தது நான் பெண் என்பதால் அல்ல. அது மட்டும் என் மனதில் ஓரமாக வந்து உட்கார்ந்தது. ஆறுதலாக இல்லை.

"நேத்து அவன் கேட்டப்ப நீ என்னா சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. நாளிக்கு கேக்கிறேன்னாரு."

அப்பா சட்டென்று திரும்பினார். என் வலது மணிக்கட்டை இறுகப் பிடித்தார். சரியாக அந்தச் சிவப்புத் தடத்தின் மேல். அவர் விரல்கள் ஐஸ் மாதிரி இருந்தன.

"இன்னிக்கு கடைசி ராத்திரி. அடுத்து எப்ப தண்ணி வருமோ. போ, நீயே போ, நான் தடுக்க மாட்டேன். ஆனா அவன் கேட்டா... இன்னும் வரலன்னு மட்டும் சொல்லிடுமா. ஒரே ஒரு வார்த்தை. எனக்காக."

அம்மா டீத் தூக்கோடு வார்டு வாசலில் வருவது தெரிந்தது.

நான் அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். சுண்டுவிரல் கடைசியில் வந்தது. அவர் கையை மெத்தை மேல் வைத்து, போர்வையை இழுத்து மூடினேன்.

"காவலுக்குப் போறேன்பா. விடியிற வரைக்கும் உக்காந்திருப்பேன். மணி கேட்டா மணி சொல்லுவேன்."

"சுகா..."

"வரலன்னு மட்டும் சொல்ல மாட்டேன்பா."